வீட்டுக்கடன் வட்டி மானியமும் வீடு வாங்கும் திறனும்: வள்ளூர் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

உழைக்கும் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் மேற்கொள்ளும் மிகப்பெரிய செலவு வீடு. அச்சுமையைக் குறைக்கும் பொருட்டு அரசு வீட்டுக்கடனுக்கு வட்டி மானியம் வழங்கி வருகிறது. கடன் எளிதாவதும் வீடு எட்டும் விலைக்கு வருவதும் ஒன்றெனவே பலரும் கருதுகின்றனர். அவை வேறுவேறானவை என்பதை வடசென்னைத் தொழிற்பகுதியைச் சார்ந்த வள்ளூரின் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

மானியத்தின் செயல்முறை

நகர்ப்புறப் பிரதம மந்திரி வீட்டுவசதித் திட்டம் 2015 ஜூன் மாதம் தொடங்கப்பெற்றது. அதன்படி, ஆண்டு வருமானம் 6 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்குக் கடனின் முதல் 6 லட்சத்துக்கு 6.5 விழுக்காடு வட்டி மானியம் வழங்கப்பட்டது. 20 ஆண்டுகளுக்குரிய மானியத்தின் நிகழ்கால மதிப்பு, உச்ச அளவாக ஏறத்தாழ 2.67 லட்சம் ரூபாய், கடன் கணக்கில் முன்னதாகவே வரவு வைக்கப்பட்டது. இப்பிரிவினருக்கான மானியம் 2022 மார்ச்சில் முடிவுற்றது. 2024-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், 35 லட்சம் வரை மதிப்புள்ள வீடுகளுக்கு, முதல் 8 லட்சம் கடனுக்கு 4 விழுக்காடு மானியம் அளிக்கப்படுகிறது. அதன் உச்ச அளவு 1.80 லட்சம் ரூபாய்.

முதற்கட்ட மானியத்தின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 24 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டு மாதத் தவணை ஏறத்தாழ 21,600 ரூபாய். மானியம் கழிந்தபின் அது 19,200 ரூபாயாகும். மாதம் 50,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்துக்குத் தவணை வருமானத்தில் 43 விழுக்காட்டிலிருந்து 38 விழுக்காடாகிறது. 25,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்துக்கோ 86 விழுக்காடு 77 விழுக்காடாகிறது. முன்னவர்க்கு இது உதவி. பின்னவர்க்கு வீடு எட்டாத தொலைவிலேயே நிற்கிறது.

விலையும் நில வரத்தும்

மேற்கண்ட கணக்கு வீட்டின் விலை மாறாது என்னும் எடுகோளின் மீது அமைந்தது. கடன் பெறுவோர் பெருகியும் வீடுகள் பெருகாவிடின் மானியத்தின் ஒரு பகுதி விலையேற்றமாக விற்போரைச் சென்றடையும். இங்கிலாந்தில் 2013-இல் அறிமுகமான அரசுக் கடனுதவித் திட்டத்தை ஆராய்ந்த கரோட்சி, ஹில்பர், யூ ஆகியோர், நில வரத்து இறுக்கமான இலண்டன் பகுதியில் புதுவீடுகளின் விலை உயர்ந்ததையும், கட்டுமானம் எளிதான வேல்ஸ் எல்லைப் பகுதியில் வீடுகளின் எண்ணிக்கை உயர்ந்ததையும் கண்டறிந்தனர்.

வள்ளூரின் நிலை

வள்ளூர் இவற்றுள் முதல்வகை இடத்தையே ஒத்தது. 1,500 மெகாவாட் திறனுடைய வள்ளூர் அனல்மின் நிலையம், அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் ஆகியன பெரும் நிலப்பரப்பைக் கொண்டுள்ளன. கொசஸ்தலையாறும் எண்ணூர்க் கழிமுகமும் சார்ந்த ஈரநிலங்கள் குடியிருப்புக்கு உரியன அல்ல. அவை வெள்ளநீருக்கும் மீனவர் வாழ்வுக்கும் வேண்டியவை. எஞ்சிய மனைகளே சந்தைக்கு வருகின்றன.

மேலும், வங்கிக் கடனுக்கு ஊதியச் சான்றும் பட்டாவும் வில்லங்கச் சான்றும் தேவை. ஒப்பந்தத் தொழிலாளர்க்கு நிலையான ஊதியச் சான்று அரிது. புறம்போக்கு நிலத்தில் வாழ்வோர்க்கு அடமானம் வைக்கப் பட்டா இல்லை. ஆகவே, மானியம் மிகவும் வேண்டுவோர் அதன் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர்.

இதற்கு மாற்றான முன்மாதிரி வடசென்னையிலேயே உண்டு. 1977-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், கொடுங்கையூர் உள்ளிட்ட இடங்களில் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளுடன் சிறு மனைகளை உருவாக்கிக் குறைந்த வருவாயினர்க்குத் தவணை முறையில் அளித்தது. அங்கு கடனுக்கு முன் நிலம் வந்தது.

முடிவுரை

வட்டி மானியம் தவணையைக் குறைக்கிறது, விலையைக் குறைப்பதில்லை. நில வரத்து இறுகிய வள்ளூர் போன்ற வட்டாரத்தில், வசதியுள்ள மனைகளும் பட்டா உரிமையும் உறுதியான குறைந்த வாடகை வீடுகளும் முந்தினாலன்றி, மானியம் கடன் பெறத் தகுதியுற்றோர்க்கு மட்டுமே பயன் தரும். ஆதலின் இத்திட்டத்தின் வெற்றியை வழங்கிய கடன்களின் எண்ணிக்கையால் அளப்பது போதாது. கடன் மறுக்கப்பட்டோரையும் விண்ணப்பிக்கவே இயலாதோரையும் கணக்கிற்கொள்வதே முறையான மதிப்பீடாகும்.