முக்கால் டாலர் காட்டிக் கொடுத்த உளவாளி!

கணக்கில் முக்கால் டாலர் உதைத்தது. அதைத் தேடிப் போனவர், ஓர் உளவாளிக் கூட்டத்தையே கண்டுபிடித்து விட்டார்!

இது கற்பனைக் கதை அல்ல. 1986-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த உண்மைச் சம்பவம்.

கலிபோர்னியா மாநிலத்தில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர் கிளிபோர்டு ஸ்டோல். அவர் வான ஆராய்ச்சி விஞ்ஞானி. டெலஸ்கோப் வேலைக்குப் பணம் தீர்ந்து விட்டதால், கம்ப்யூட்டர் பிரிவுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறவர்கள், பயன்படுத்திய நேரத்துக்குக் கட்டணம் கட்டவேண்டும். ஆகஸ்டு மாதத்தில் கணக்கு பார்த்தபோது 75 சென்ட் இடித்தது. அதாவது முக்கால் டாலர்.

"போனால் போகிறது" என்று ஸ்டோல் விட்டுவிடவில்லை. துருவிப் பார்த்தார். "ஹன்டர்" என்ற பெயரில் யாரோ கம்ப்யூட்டரைப் பயன்படுத்தி இருந்தார்கள். ஆனால், அந்தப் பெயருக்கு பில் அனுப்ப விலாசமே இல்லை!

ஆசாமி யார்? எந்த வழியாக வந்தான்?

50 வழிக்கும் காவல்

வெளியில் இருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு வர சுமார் 50 டெலிபோன் இணைப்புகள் இருந்தன. ஒரு சனி, ஞாயிறு விடுமுறை வந்தது. ஸ்டோல் அலுவலகம் முழுவதும் சுற்றி, கண்ணில் பட்ட அச்சு இயந்திரங்களை எல்லாம் அள்ளி வந்தார். ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்றை மாட்டினார். இரவில் அங்கேயே படுத்துக் கொண்டார்.

திருடன் வந்தான்! அவன் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் பதிவாகியது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அச்சு இயந்திரம் கம்ப்யூட்டருக்கு உள்ளே இல்லை. வரும் வழியில் இருந்தது. ஆகவே, தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்பதே திருடனுக்குத் தெரியவில்லை.

காகிதத்தைப் படித்த ஸ்டோல் திடுக்கிட்டார். அவன் பணம் தேடவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தைப் படிக்கட்டாக வைத்துக்கொண்டு, ராணுவக் கம்ப்யூட்டர்களில் ரகசியம் தேடிக் கொண்டிருந்தான்! சுமார் 450 கம்ப்யூட்டர்களின் கதவைத் தட்டினான். 30-க்கு மேற்பட்டவை திறந்து கொண்டன.

போலீஸ் இலாகா முதலில் அக்கறை காட்டவில்லை. நஷ்டம் முக்கால் டாலர்தானே!

சாவிக் கொத்து தந்திரம்

கதவை அடைத்தால் திருடன் வேறு வழியாகப் போய்விடுவான். எனவே, விட்டுப் பிடிக்க முடிவு செய்தார்கள். முக்கியமான தகவலை அவன் தொட்டால், ஸ்டோல் தன் சாவிக் கொத்தைக் கம்பியில் உரசுவார். இரைச்சல் வரும். "லைன் சரியில்லை" என்று அவன் நினைத்துக் கொள்வான்!

தடம் மேற்கு ஜெர்மனியில் உள்ள ஹானோவர் நகரம் வரை போனது. அங்கே பழைய காலத்து டெலிபோன் இயந்திரங்கள். ஆள் நேரில் போய்க் கம்பியைத் தொடர்ந்து பார்க்கவேண்டும். அதுவரை திருடன் போகாமல் இருக்கவேண்டுமே?

ராணுவ ரகசியம் போலப் பொய்யான காகிதங்களைத் தயாரித்து, கம்ப்யூட்டரில் வைத்தார்கள். திருடன் அவற்றை நெடுநேரம் படித்தான். அகப்பட்டுக் கொண்டான்!

அவன் பெயர் மார்க்கஸ் ஹெஸ். திருடிய தகவல்களை அவனும் கூட்டாளிகளும் சோவியத் உளவுப் படைக்கு விற்றது தெரியவந்தது. 1990-ல் கோர்ட்டு அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்புக் கூறியது. சிறைத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது.

கண் மூடினால்...?

வீட்டுக்குப் பூட்டு வேண்டும். ஆனால், பூட்டு மட்டும் போதுமா? திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, வருகிறவர், போகிறவர் எல்லாரையும் பார்க்கிறார். கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க்குக்கும் அப்படி ஒரு பார்வை தேவை. யார் வருகிறார்கள்? எங்கிருந்து? எந்த நேரத்தில்? எவ்வளவு தகவல் வெளியே போகிறது? இவை தெரிந்தால்தான் திருட்டு தெரியும்.

அந்தக் கண் மூடிக்கிடந்தால் என்ன ஆகும் என்பதை 2017-ல் உலகம் பார்த்தது. அமெரிக்காவில் ஈக்விபாக்ஸ் என்று ஒரு கம்பெனி. மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைப்பது அதன் தொழில். வெளியே போகும் தகவலைச் சோதிக்க அங்கே ஒரு கருவி இருந்தது. ஆனால், அதன் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது. யாரும் புதுப்பிக்கவில்லை. கருவி பார்வை இழந்து கிடந்தது.

மே மாதம் நுழைந்த திருடர்கள் 76 நாட்கள் உள்ளே உலாவினார்கள். ஜூலை 29-ந் தேதி சான்றிதழைப் புதுப்பித்தார்கள். உடனே திருட்டு கண்ணில் பட்டது! அதற்குள் சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோய் விட்டன.

பெரிய கம்பெனிக்கு மட்டும் அல்ல, நமக்கும் இது பாடம். உங்கள் வீட்டு வை-பையில் எத்தனை போன்கள் இணைந்திருக்கின்றன? எண்ணிப் பாருங்கள். பாங்கிக் கணக்கில் நீங்கள் எடுக்காத 1 ரூபாய் குறைந்தாலும், "1 ரூபாய்தானே" என்று இருந்து விடாதீர்கள். உடனே பாங்கியில் கேளுங்கள்.

ஸ்டோல் தேடிப் போனதும் முக்கால் டாலரைத்தான்!