பழைய பேப்பர், ஒரு கப் மைதா... மேடைக்கு ஒரு புலி ரெடி!

ஸ்கூல் ஆண்டு விழாவுல புலி வேஷம்னு அக்கா பொண்ணு வந்து நின்னா, நாம முதல்ல என்ன பண்ணுவோம்? போனை எடுத்து ஒரு பிளாஸ்டிக் முகமூடியை ஆர்டர் போடுவோம். போட்ட அஞ்சாவது நிமிஷம் உள்ளே வேர்த்துக் கொட்டும். முகமூடியோட கண் ஒரு பக்கம் இருக்கும், பொண்ணோட கண் இன்னொரு பக்கம் இருக்கும். மேடையில புலி தடுமாறி விழுந்தா ஹாலே சிரிக்கும். அந்தக் குழந்தை மட்டும் சிரிக்காது.

அவ முகத்துக்கே அளவெடுத்து, காகிதத்துல ஒண்ணு செஞ்சு கொடுக்கலாம். செலவு குறைவு. ஆனா, நாலு நாள் பொறுமை வேணும்.

பேப்பர் மெஷிங்கிறது பிரெஞ்சு வார்த்தை. 'மென்ற காகிதம்'னு அர்த்தம். பெயர்தான் புதுசு, வேலை நமக்குப் பழசு. ஊறவெச்ச பேப்பரையும் வெந்தயத்தையும் அரைச்சு முறத்துல மெழுகுவாங்களே பாட்டிங்க, அதுவும் இதே டெக்னிக்தான். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையிலும் காகிதக்கூழ் உண்டு. புதுச்சேரி திருக்கனூரின் காகிதக்கூழ் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடே இருக்கு.

பலூன் வேண்டாம்

நிறைய வீடியோக்கள்ல பலூன் மேல பேப்பர் ஒட்டுவாங்க. பலூன் வெயில்ல உப்பும், ராத்திரி சுருங்கும். ஒட்டின பேப்பர் அதோடு சேர்ந்து விட்டுப்போகும். அதைவிட, சமையல் அலுமினியம் ஃபாயிலை மூணு மடிப்பா மடிச்சு, குழந்தையோட நெத்தியில இருந்து மேல் உதடு வரைக்கும் மெதுவா அழுத்துங்க. கண்ணை மூடிக்கச் சொல்லுங்க. வாயை மூடவே கூடாது, சில நொடிகள்ல எடுத்துடணும். முகத்தோட அச்சு அப்படியே வந்துடும். பின்பக்கம் கசக்கின பேப்பரை அடைச்சு ஒரு தட்டுல வெச்சுட்டா அசையாது. வாய் வெளியே இருக்கிற அரை முகமூடிதான் என் சாய்ஸ். மூச்சும் விடலாம், வசனமும் பேசலாம். காதுக்கு வட்டமா ரெண்டு அட்டை. மூக்குக்கு ரெண்டு பக்கமும் உப்பலா தெரிய, முட்டை அட்டையோட கிண்ணங்களை வெட்டி டேப் போட்டு ஒட்டுங்க.

பசைக்கு, ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணியில கட்டியில்லாம கரைச்சு, கொதிக்கிற மூணு கப் தண்ணியில ஊத்திக் கிளறுங்க. பளபளன்னு கூழ் மாதிரி வந்ததும் இறக்கி, ஒரு ஸ்பூன் உப்பு சேர்த்து ஆறவிடுங்க. போஸ்டர் ஒட்டுறவங்க பூச்சி வராம இருக்க மயில்துத்தம் கலப்பாங்க. அது விஷம். முகத்துல படுற பொருளுக்கு வேண்டவே வேண்டாம்.

பேப்பரைக் கத்தரியால வெட்டாதீங்க, கையால கிழிங்க. வெட்டின ஓரம் படிக்கட்டு மாதிரி தெரியும். கிழிச்ச ஓரம் மெலிசா இருக்கிறதால ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். நியூஸ்பேப்பரை ஒரு திசையில கிழிச்சா நேரா வரும், இன்னொரு திசையில கோணலா போகும். காகிதத்துல இழைகள் ஒரே பக்கமா படுத்திருக்கிறதுதான் காரணம். நேரா வர்ற பக்கமா ஒரு இஞ்ச் அகலத்துல கிழிச்சுக்கோங்க. முதல் அடுக்கு குறுக்கே, அடுத்தது நெடுக்கே. ஒரு அடுக்குக்குத் தமிழ் பேப்பர், அடுத்ததுக்கு இங்கிலீஷ் பேப்பர்னு மாத்தினா எங்கே விட்டுப்போச்சுன்னு உடனே தெரியும்.

மொத்தம் அஞ்சு அடுக்கு போதும். ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல வேண்டாம். அவசரப்பட்டு எல்லாத்தையும் ஒரே நாள்ல ஒட்டினா, மேலே காய்ஞ்சிருக்கும், உள்ளே ஈரம் நின்னு பூஞ்சை பிடிச்சு நாறும். சுட்டெரிக்கிற வெயில்ல வெச்சா வளைஞ்சுக்கும். ஃபேன் காத்துதான் பெஸ்ட். தட்டினா 'டொக் டொக்'னு சத்தம் வரணும், தொட்டா ஜில்லுனு இருக்கக் கூடாது. அப்புறம் ஃபாயிலை உரிச்சுடலாம்.

கண்ணுதான் முக்கியம்

முகமூடியைக் குழந்தைக்கு வெச்சுப் பார்த்து, கண் இருக்கிற இடத்தை வெளியில பென்சிலால குறிச்சு, கழட்டின பிறகு பிளேடால வெட்டுங்க. இது பெரியவங்க வேலை. பூனைக் கண் மாதிரி கீறலா வேண்டாம், புலியோட பாப்பா வட்டமானதுதான். மூணு சென்டிமீட்டர் வட்டமா வெட்டினா பக்கவாட்டுலயும் கொஞ்சம் தெரியும். வெட்டின ஓரங்களைச் சின்னத் துண்டு பேப்பரால மூடிடுங்க, இல்லைன்னா கிழிக்கும்.

உப்புத்தாள் தேய்ச்சு, வெள்ளை அக்ரிலிக் ரெண்டு கோட் அடிங்க. இதை விட்டுட்டா, ஆரஞ்சுக்கு அடியில நேத்தைய தங்கம் விலை எட்டிப் பார்க்கும். போஸ்டர் கலர் வியர்வையில கரையும், அதனால எல்லாமே அக்ரிலிக்ல இருக்கட்டும். கண்ணுக்கு மேலயும் கன்னத்துலயும் வெள்ளைத் திட்டு, மூக்கு ரோஸ். கண் துளையைச் சுத்தி கறுப்பு அடிச்சா துளை இருக்கிறதே தெரியாது. கோடுகளை ரெண்டு பக்கமும் அச்சு அசலா போட வேண்டாம். நிஜப் புலிக்கே அப்படி இருக்காது. ஒரு புலியோட வரி இன்னொண்ணுக்கு வராது, வனத்துறைக்காரங்க அதை வெச்சுத்தான் புலிகளை எண்ணுறாங்க. காதோட பின்பக்கம் கறுப்படிச்சு நடுவுல ஒரு வெள்ளைப் பொட்டு வைங்க. நிறைய பேர் இதை மறந்துடுவாங்க.

நெத்தி படுற இடத்துல மெல்லிசா ஒரு ஸ்பாஞ்ச், பின்னாடி எலாஸ்டிக். விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடியே மாட்டிவிட்டு வீட்டுக்குள்ள ஓடச் சொல்லுங்க, குனியச் சொல்லுங்க. எங்கே உறுத்துது, எது தெரியலைன்னு அவளே சொல்லுவா. மேடைப் படிக்கட்டுல ஏறும்போது மட்டும் முகமூடி நெத்திக்கு மேல இருக்கட்டும்.