மார்கழிக் குளிரும் மீன் தொட்டியும்

மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் காத்துக்கொள்ளும் உயிரினம் அன்று. அதைச் சூழ்ந்திருக்கும் நீரின் வெப்பநிலை எதுவோ, ஏறத்தாழ அதுவே அதன் குருதியின் வெப்பநிலையும் ஆகும். மனிதனும் பசுவும் குருவியும் உண்ட உணவை எரித்து உடலைச் சூடாக வைத்துக்கொள்ள, மீனுக்கு அந்த வழி இல்லாமையால், நீர் குளிரும்போது அதன் செரிமானமும் மூச்சும் நோயை எதிர்க்கும் ஆற்றலும் ஒருசேரத் தளர்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் உடலுக்குள் நிகழும் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது உயிரியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட பொதுவிதி. ஆற்றிலும் ஏரியிலும் வாழும் மீன், மேற்பரப்பு குளிர்ந்தால் ஆழத்துக்கு இறங்கித் தப்பிக்கும். ஓரடி உயரக் கண்ணாடித் தொட்டியில் இறங்குவதற்கு ஆழம் இல்லை என்பதால், மீனைக் குளிரிலிருந்து காக்கும் பொறுப்பு முழுவதும் வளர்ப்பவரைச் சேர்ந்ததாகிறது.

தமிழ்நாட்டில் இது தேவையற்ற கவலை என்று நினைப்போர் பலர். சென்னையில் ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை சராசரியாக 21 டிகிரி அளவுக்கே இறங்குகிறது என்பதும், உதகையைப் போல் உறைபனி படரும் ஊர்கள் இங்கே மிகச் சிலவே என்பதும் உண்மைதான். எனினும், கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளிலிருந்து வீடுகளுக்கு வந்து சேரும் மீன்களின் பூர்வீகத்தைப் பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும். நியான் டெட்ரா, ஏஞ்சல், டிஸ்கஸ் ஆகியவை அமேசான் படுகையைச் சேர்ந்தவை. கப்பி, டிரினிடாட் தீவையும் அதை ஒட்டிய தென் அமெரிக்கக் கரையையும் சேர்ந்தது. ஃபைட்டர் தாய்லாந்தின் வயல்வெளி நீரில் தோன்றியது. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும் நீர்நிலைகளில் உருவான இத்தகைய வெப்பமண்டல மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி வரையிலான நீர் ஏற்றது. டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வரை வேண்டும். கெண்டை இனத்தைச் சேர்ந்ததும் சீனாவில் பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்டதுமான தங்கமீன் மட்டும் 18 முதல் 22 டிகிரி வரையிலான நீரில் நன்றாகவே வாழும். ஆகவே தங்கமீனையும் டிஸ்கஸையும் ஒரே தொட்டியில் விடுவோர், எந்த வெப்பநிலையை வைத்தாலும் இரண்டில் ஒன்றை வருத்துகின்றனர்.

குளிரைக்காட்டிலும் மீனை மிகுதியாக வருத்துவது வெப்பநிலையின் ஏற்ற இறக்கமே என்பதைப் புதிதாக மீன் வளர்ப்போர் பலர் உணர்வதில்லை. நாளெல்லாம் 24 டிகிரியில் நிற்கும் நீரைப் பெரும்பாலான வெப்பமண்டல மீன்கள் தாங்கிக்கொள்ளும். பிற்பகலில் 29 டிகிரிக்கு ஏறி விடியற்காலையில் 21 டிகிரிக்கு இறங்கும் நீரோ, நாள்தோறும் அவற்றின் உடலை ஒரு புதிய நிலைக்குப் பழக வைத்து, மறுநாள் அந்தப் பழக்கத்தையே குலைக்கிறது. மார்கழியிலும் தையிலும் பகல் வெயில் சுள்ளென்று அடிக்க, இரவில் வாடை வீசும் சமவெளி ஊர்களில் நிகழ்வது இதுவேயாகும். நீரின் கொள்ளளவு குறையக் குறைய இந்த ஊசலாட்டம் பெரிதாகிறது. ஐந்து லிட்டர் பிடிக்கும் உருண்டைக் கண்ணாடிக் குடுவை, அறையின் காற்று குளிர்ந்த சிறிது நேரத்திலேயே தானும் குளிர்ந்துவிடும், நூறு லிட்டர் தொட்டியோ அந்த மாற்றத்தை மெல்லவே ஏற்கும். அழகுக்காக மேசையில் வைக்கப்படும் சிறு குடுவை மீனுக்கு எவ்வகையிலும் ஏற்றதன்று; குளிர்காலத்தில் அது கொடுமையும் ஆகும்.

தொட்டியை வெதுவெதுப்பாக வைப்பது என்றவுடன் ஹீட்டர் வாங்குவதே நினைவுக்கு வருகிறது. அதற்கு முன் வெப்பம் எவ்வழியே வெளியேறுகிறது என்று பார்ப்பது நல்லது. பக்கக் கண்ணாடிகள் வழியாகவும் அடித்தளம் வழியாகவும் வெப்பம் கசிவது உண்மைதான்; திறந்து கிடக்கும் மேற்பரப்பில் நீர் ஆவியாவதால் நேரும் இழப்போ பலரும் எண்ணிப் பாராத அளவுக்குப் பெரியது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,440 ஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. அந்த வெப்பத்தின் பெரும்பகுதி எஞ்சியிருக்கும் நீரிலிருந்தே எடுக்கப்படுவதால் நீர் குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் கோடையில் சில்லென்று இருப்பதும் இதே விதியால்தான். வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் இரண்டடி நீளம், ஓரடி அகலத் தொட்டியில் நீர்மட்டம் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தால், ஏறத்தாழ 180 மில்லி நீர் ஆவியாகியிருக்கிறது என்று பொருள். அதற்கான வெப்பம் முழுவதும் தொட்டியிலிருந்தே போயிருந்தால், அது 50 லிட்டர் நீரை 2 டிகிரி குளிரச் செய்யும் அளவாகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டருக்கே இவ்வளவு என்றால், இரவெல்லாம் திறந்து கிடக்கும் தொட்டி ஏன் குளிர்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எனவே மூடி போடுவதே முதல் வேலை. கண்ணாடியிலோ அக்ரிலிக்கிலோ அளவெடுத்து வெட்டிய மூடியைக் காற்று உள்ளே சென்று வர விரலளவு இடைவெளி விட்டுப் பொருத்தினால், அதன் அடிப்புறத்தில் முத்து முத்தாகத் திரளும் நீர்த்துளிகள், வெளியேறியிருக்க வேண்டிய ஆவி மீண்டும் தொட்டிக்கே திரும்புவதைக் காட்டும். ஃபைட்டர், கௌராமி போன்ற மீன்கள் செவுள்களோடு, லாபிரிந்த் என்னும் தனி உறுப்பின் மூலம் மேற்பரப்புக் காற்றையும் சுவாசிப்பவை ஆதலால், மூடிக்கும் நீருக்கும் இடையே தங்கும் ஈரமான இளஞ்சூட்டுக் காற்று அவற்றுக்குக் கூடுதல் பாதுகாப்பாகிறது. அடுத்ததாக, தொட்டியின் அடியிலும் பின்புறத்திலும் பக்கங்களிலும் தெர்மோகோல் அட்டையை ஒட்டி, முன்பக்கத்தை மட்டும் பார்வைக்கு விடலாம். தெர்மோகோலுக்குள் சிறைப்பட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. சன்னலோரத்திலும் வாசற்கதவுக்கு நேரெதிரேயும் ஏசியின் காற்று நேராக விழும் இடத்திலும் தொட்டி இருந்தால், அதை உள்சுவர் ஓரமாக இடம் மாற்றுவது நல்லது. ஏர் பம்ப் அறையின் குளிர்ந்த காற்றையே உறிஞ்சி நீருக்குள் செலுத்துகிறது என்பதால் அதையும் நிறுத்திவிட வேண்டும் என்று சிலர் கருதுவது தவறு. குமிழ்களின் வேகத்தைக் குறைக்கலாமே தவிர, மீனின் மூச்சுக்கு உதவும் அதை நிறுத்தலாகாது.

இவ்வளவும் செய்த பின்னும் விடியற்காலை நீர் 24 டிகிரிக்குக் கீழே இறங்குமானால் ஹீட்டர் தேவை. நீரில் மூழ்கவைக்கும் கண்ணாடிக்குழாய் ஹீட்டருக்குள் ஒரு சூடேற்றும் கம்பிச்சுருளும், குறித்த வெப்பநிலையை எட்டியவுடன் மின்சாரத்தைத் துண்டித்து, குறைந்தவுடன் மீண்டும் இணைக்கும் தெர்மோஸ்டாட் என்னும் கட்டுப்படுத்தியும் இருக்கின்றன. அறையின் வெப்பத்தைவிட ஐந்து டிகிரி அளவுக்கு நீரை உயர்த்த லிட்டருக்கு ஒரு வாட் என்பது நடைமுறைக் கணக்கு. 50 லிட்டருக்கு 50 வாட் போதும், மலை ஊர்களில் அதைப்போல் இரு மடங்கு வேண்டியிருக்கும். வெப்ப இழப்பே இல்லை என்று கொண்டாலும், 50 வாட் ஹீட்டர் 50 லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 70 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. இந்த மெதுவான ஏற்றம் மீனுக்கு நன்மையே. நாளில் பாதி நேரம் அது இயங்கினாலும் செலவாகும் மின்சாரம் 0.6 யூனிட் மட்டுமே. சூடான நீர் மேலே எழும் தன்மையுடையது ஆதலால், ஹீட்டரை அடிப்பகுதியை ஒட்டி, ஃபில்டரின் நீரோட்டம் படும் இடத்தில் பொருத்தி, வெப்பமானியைத் தொட்டியின் எதிர்முனையில் வைத்தால்தான் முழுத் தொட்டியின் நிலை தெரியவரும். ஹீட்டரின் திருகில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புவது சரியன்று. வெப்பமானி காட்டுவதே முடிவு.

ஹீட்டரால் நேரும் பெரிய விபத்து, தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு மின்சாரம் துண்டிக்கப்படாமலே போவதாகும். அளவுக்கு மீறிய திறன் கொண்ட ஹீட்டர் அவ்வாறு பழுதானால் ஓரிரவில் தொட்டி முழுவதும் அழிந்துவிடும். 100 லிட்டர் தொட்டிக்கு ஒரே 100 வாட் ஹீட்டரைவிட இரண்டு 50 வாட் ஹீட்டர்களைப் பொருத்துவது இதனாலேயே சிறந்தது: ஒன்று ஒட்டிக்கொண்டாலும் நீர் உயிர்கொல்லும் சூட்டுக்கு எளிதில் ஏறாது, ஒன்று நின்றுபோனாலும் மற்றது ஓரளவு தாங்கும். தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைக் கழற்றுவதும், அணைத்தபின் கால் மணி நேரமேனும் ஆறவிட்டே ஹீட்டரை நீரிலிருந்து எடுப்பதும் விட்டுக்கொடுக்க முடியாத விதிகள். சூடான கண்ணாடிக்குழாய் காற்றில் பட்டோ, குளிர்ந்த நீரில் மீண்டும் இறங்கியோ விரிசல் காணும், விரிசல் வழியே மின்சாரம் நீரில் பாயும். வயரை பிளக் பாயின்ட்டுக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றிச் செருகினால், வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர் போன்ற வலிய மீன்கள் ஹீட்டரை முட்டி உடைக்கக்கூடியவை ஆகையால் அவற்றின் தொட்டியில் பாதுகாப்புக் கூடு அவசியம்.

தொட்டி கவனமாகப் பேணப்பட்டாலும் நீர் மாற்றும் நாளில் எல்லாம் கெடுவதுண்டு. நீர் 27 டிகிரியில் இருக்கும் தொட்டியில் கால் பங்கை எடுத்துவிட்டு, மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்து 18 டிகிரிக்கு வந்த நீரை ஊற்றினால், சில நிமிடங்களில் இரண்டு டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். தனி வாளியில் வெந்நீர் கலந்து, வெப்பமானியால் அளந்து, தொட்டியின் நிலைக்கு ஒரு டிகிரிக்குள் கொண்டுவந்த பிறகே சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். வெந்நீரை நேரே தொட்டியில் ஊற்றுவது மீனைச் சுடும்.

திடீர்க் குளிர்ச்சியை அடுத்து வருவது பெரும்பாலும் வெள்ளைப்புள்ளி நோய். உப்பைத் தூவியது போல் உடலிலும் செதில்களிலும் துடுப்புகளிலும் வெண்புள்ளிகள் தோன்றுவதும், மீன் தன் உடலைக் கற்களில் உரசிக்கொள்வதும், துடுப்புகளை ஒடுக்கி மூலையில் நிற்பதும் இதன் அறிகுறிகள். ஒற்றைச் செல் ஒட்டுண்ணி ஒன்று மீனின் தோலுக்கு அடியில் புகுந்து தின்று வளர்ந்து, பின் உதிர்ந்து தொட்டியின் அடியில் கூடு கட்டி, அதற்குள் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது; அக்குஞ்சுகள் மீண்டும் மீனைத் தேடி நீந்துகின்றன. தோலுக்கு அடியிலும் கூட்டுக்குள்ளும் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. நீந்தும் பருவத்தில் மட்டுமே கொல்ல முடியும். நீர் 25 டிகிரியில் இருந்தால் இந்தச் சுழற்சி ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடியும், குளிர்ந்த நீரிலோ பல வாரங்கள் இழுத்துக்கொண்டே போகும். வெப்பமண்டல மீன்கள் உள்ள தொட்டியில் நீரை நாளுக்கு ஓரிரு டிகிரியாக 30 டிகிரிவரை உயர்த்தச் சொல்வது, ஒட்டுண்ணியை விரைந்து நீந்தும் பருவத்துக்கு வரவழைப்பதற்காகவே. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும் ஆக்ஸிஜன் 30 டிகிரியில் 7.5 மில்லிகிராமாகக் குறைவதால், அந்நாட்களில் ஏர் பம்ப் முழு வேகத்தில் ஓட வேண்டும். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை கல்லுப்பு சேர்ப்பதும் உதவும் என்றாலும், செதிலற்ற கெளுத்தி வகைகளும் நீர்ச்செடிகளும் உப்பை எளிதில் பொறுப்பதில்லை. புள்ளிகள் மறைந்தவுடன் நிறுத்திவிடாமல் மேலும் சில நாட்கள் தொடர்வதே, கூட்டுக்குள் மறைந்திருப்பவை மீண்டும் கிளம்பாமல் தடுக்கும்.

குளிரில் செரிமானம் மந்தமாவதால் உணவின் அளவையும் குறைக்க வேண்டும். மீன் தின்னாமல் விட்ட தீவனம் அழுகி அம்மோனியாவாக மாறுகிறது; அதை நைட்ரேட்டாக மாற்றி நீரைக் காக்கும், ஃபில்டரின் பஞ்சிலும் கற்களிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் குளிரில் வேகம் குறைந்துவிடுகின்றன.

வடகிழக்குப் பருவமழையும் புயலும் குளிரோடு சேர்ந்து வருவது தமிழகக் கடற்கரை ஊர்களுக்கு நேரும் இடர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரத்தில் முதல் தேவை வெப்பம் அன்று, காற்று. ஏர் பம்ப் சில வாட்களையே எடுப்பதால் இன்வெர்ட்டரில் ஹீட்டரை ஓட்டாமல் அதை ஓட்டுவதே அறிவுடைமை. தொட்டியைக் கம்பளியால் சுற்றி மூடினால் 50 லிட்டர் நீர் ஓரிரவில் பெரிதாகக் குளிராது. மூடி இறுக்கிய எவர்சில்வர் பாட்டிலில் 70 டிகிரி வெந்நீர் ஒரு லிட்டர் நிரப்பி உள்ளே வைப்பது 50 லிட்டரை ஒரு டிகிரி அளவுக்கே உயர்த்தும். குளிர்ச்சியைத் தள்ளிப்போட அதுவே போதும்.

உதகையிலும் கொடைக்கானலிலும் வாழ்வோர், மின்சாரத்தோடு ஓயாமல் போராடுவதைவிட, ஊரின் குளிருக்கு ஒத்த மீனைத் தேர்வது மேலானது. தங்கமீனும் சீனத்தின் வெண்மேகமலை மீனும் ஹீட்டரின்றிச் சற்றுக் குளிர்ந்த நீரிலும் நலமாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் தோன்றிய மிஸ் கேரளா என்னும் மீனும் வெப்பமண்டல மீன்களுக்கு வைக்கும் சூட்டைவிடக் குளிர்ந்த நீரையே விரும்புகிறது. அது அருகிவரும் இனம் என்பதால், பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

மீன் வாங்கும் முன்பே, ஹீட்டர் வாங்கும் முன்பே, ஒரு வெப்பமானி வாங்க வேண்டும். கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கருவிகளில் அதுவும் ஒன்று. கார்த்திகை முடிவதற்குள் ஒரு வாரம், விடியற்காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் தொட்டி நீரை அளந்து எழுதி வைப்போருக்கு, தங்கள் வீட்டுத் தொட்டிக்கு மூடி போதுமா, தெர்மோகோலும் வேண்டுமா, ஹீட்டரும் தேவையா என்பது கடைக்காரரைக் கேட்காமலே விளங்கிவிடும்.