ஒரு வரியும் மாற்றவில்லை, தளம் ஏன் நின்றது?

2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகத் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அங்கிருந்த தாய்மார் சொன்னவற்றைச் சேர்த்து வைக்க நானும் நண்பர் ஒருவரும் சிறிய இணையத்தளம் ஒன்றை உருவாக்கினோம். பிறகு படங்களுக்கு ஒன்று, கட்டுரைகளுக்கு ஒன்று என அவை மூன்றாகின.

கடந்த வருடம் எனது மடிக்கணினி பழுதானது. ஒரு தாய் தன் மகனின் பெயரில் எழுத்துப்பிழை இருப்பதாகச் சொன்னார். இரவல் கணினியில் திருத்த முயன்றேன். தளம் இயங்கவே மறுத்தது. நிரலில் ஒரு வரியையும் நான் மாற்றியிருக்கவில்லை.

காரணம் இதுதான். ஜாவாஸ்கிரிப்ட் தளங்கள் பிறர் எழுதிய நூற்றுக்கணக்கான பொதிகளில் தங்கியுள்ளன. நாம் கேட்கும் பொதிகளின் பட்டியல் ‘பேக்கேஜ்.ஜேசன்’ கோப்பில் இருக்கும். அதில் ‘^1.4.0’ என்றிருந்தால், 2.0.0 இற்குக் குறைந்த எந்தப் புதிய பதிப்பும் உள்ளே வரலாம். இன்று நிறுவுபவருக்கு ஒன்று, ஆறு மாதம் கழித்து நிறுவுபவருக்கு இன்னொன்று.

2022 ஜனவரியில் ‘கலர்ஸ்’ என்ற பொதியை எழுதியவரே, முடிவின்றிச் சுற்றும் நிரலை அதன் புதிய பதிப்பில் வேண்டுமென்றே சேர்த்தார். பதிப்பைத் திறந்துவிட்டிருந்த பல திட்டங்கள் குழம்பின. 1.4.0 இல் பூட்டி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

பூட்டுவதற்கு ‘பேக்கேஜ்-லாக்.ஜேசன்’ என்ற கோப்பு உண்டு. 2017இல் வந்த என்பிஎம் 5 முதல் அது தானாகவே உருவாகிறது. நாங்கள் அதைத் தேவையற்றதென நினைத்து அழித்திருந்தோம். அதுதான் எங்கள் பிழை.

இப்போது நான்கு பழக்கங்களைப் பின்பற்றுகிறோம். பூட்டுக் கோப்பை நிரலுடன் சேர்த்தே சேமிக்கிறோம். புதுக் கணினியில் ‘என்பிஎம் இன்ஸ்டோல்’ கட்டளைக்குப் பதிலாக ‘என்பிஎம் சிஐ’ கட்டளையைக் கொடுக்கிறோம். அது பூட்டிய பதிப்புகளையே இறக்கும். நோட் மென்பொருளின் பதிப்பு எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறோம். மூன்று தளங்களையும் என்பிஎம் ‘வேர்க்ஸ்பேசஸ்’ வசதியால் ஒரே கோப்புறைக்குள் கொண்டுவந்து, ஒரே பூட்டுக் கோப்பையும் ஒரே பெயருள்ள கட்டளைகளையும் வைத்திருக்கிறோம். ‘ஸ்டார்ட்’ என்றால் மூன்றிலும் தளம் இயங்கும். ‘பில்ட்’ என்றால் மூன்றிலும் வெளியிடத் தயாராகும். நான் இல்லாவிட்டாலும் இன்னொருவர் தொடரலாம்.

அன்று அந்த ஒரு எழுத்தைத் திருத்த எங்களுக்கு நான்கு நாள் சென்றது. அந்த நான்கு நாளும் அந்தத் தாய் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார்.