கொழுந்து பறிக்கும் கைக்கும் கண்ணாடி வேண்டும்

நாற்பதைத் தாண்டியதும் செய்தித்தாளைத் தள்ளிப் பிடித்துப் படிப்பதும், ஊசியில் நூல் கோக்கப் பிள்ளைகளைக் கூப்பிடுவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இந்த வெள்ளெழுத்து நோயல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் முதுமை. சிறு வயதில் அந்த லென்ஸ் மிருதுவாக இருக்கும். அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது அதைச் சுற்றியிருக்கும் தசை சுருங்கும், லென்ஸ் திரண்டு கூடுதலாகக் குவியும். இப்படிக் குவியத்தை மாற்றுவது கண்ணின் முன்புறப் படலமல்ல, உள்ளே இருக்கும் லென்ஸ்தான் என்பதை 1801இல் தாமஸ் யங் தன் கண்ணையே நீரில் வைத்துச் சோதித்து நிறுவினார். ஆயுள் முழுக்கப் புதிய இழைகள் சேர்ந்து லென்ஸ் இறுகிக்கொண்டே போகிறது. பத்து வயதில் 10 சென்டிமீட்டருக்குள் வைத்துப் பார்க்க முடிந்ததை, 45 வயதில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. இதற்கான குவிலென்ஸ் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலியில் வந்துவிட்டது. ஆனால் இன்றும் நாம் அதைப் படிக்கிறவர்களின் பொருளாகவே நினைக்கிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்காதவருக்கு எதற்குக் கண்ணாடி என்ற அந்த எண்ணம் உழைப்பவர்களின் கூலியைக் குறைக்கிறது.

இதற்கு அசாமின் தேயிலைத் தோட்டங்களில் கிடைத்த சான்று வலுவானது. நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு. நாள்தோறும் பறித்த கொழுந்தின் எடையே அளவுகோல். 2018இல் வெளியான முடிவின்படி, கண்ணாடி அணிந்தவர்களின் பறிப்பு மற்றவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். பருவம் நன்றாக இருந்ததால் விளைச்சல் கூடியிருக்கலாமே என்று கேட்கலாம். கூடியது உண்மைதான், கண்ணாடி இல்லாதவர்களும் முன்பைவிட அதிகம் பறித்தார்கள். அதைக் கழித்த பிறகு மிஞ்சும் வித்தியாசம்தான் இந்த 21.7. தேயிலைக்கு மட்டும்தான் இது பொருந்துமா? 2024இல் வெளியான வங்கதேச ஆய்வில், கண்ணை ஊன்றிச் செய்யும் பல தொழில்களைச் சேர்ந்த கிராமத்தார் 824 பேர் பங்கேற்றார்கள். எட்டு மாதங்களில், கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. வால்பாறையில் கொழுந்து பறிப்பவருக்கும், பூக்கட்டுபவருக்கும், தையல்காரருக்கும், அரிசியில் கல் பொறுக்குபவருக்கும் கண்ணின் லென்ஸ் வேறு விதமாக முதிர்வதில்லை.

"ஒருமுறை போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும்" என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. பவர் ஏறத்தான் செய்யும், ஆனால் கண்ணாடியால் அல்ல. நாற்பதுகளில் +1 அளவில் தொடங்கி, அறுபதை ஒட்டிப் பலருக்கும் +2.5 அளவில் நின்றுவிடுகிறது. போடாதவரின் லென்ஸும் அதே வேகத்தில்தான் இறுகுகிறது. கண் பயிற்சி அந்த இறுக்கத்தைத் தளர்த்தாது. கண்மணியைச் சுருக்கும் சொட்டுமருந்துகள் வந்திருக்கின்றன, ஆனால் பலன் சில மணி நேரம்தான், விலையும் அதிகம். இவற்றைவிட நியாயமான எதிர்ப்பு ஒன்று உண்டு. கடையில் தொங்கும் கண்ணாடியை மாட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டால், மருத்துவரைப் பார்க்காமலேயே காலம் போய்விடும். குளுக்கோமாவும் சர்க்கரை நோயின் விழித்திரைப் பாதிப்பும் தொடக்கத்தில் வலிக்காது, பார்வையையும் மறைக்காது. ஆயத்தக் கண்ணாடி இரு கண்ணுக்கும் ஒரே பவர் என்பதால், இரு கண்ணிலும் வேறு வேறு குறை உள்ளவருக்கு உதவாது. ஆகவே நாற்பதில் ஒரு முழுக் கண் பரிசோதனை அவசியம். ஆனால் பரிசோதனைக்கு ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவரிடம் கண்ணாடியையும் மறுப்பது தீர்வாகாது. பரிசோதனைதான் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போக வேண்டும்.

கண் முகாம் நடத்துவோர் கண்புரையைத் தேடுவதோடு நிற்காமல், அருகில் உள்ளதைப் பார்க்கும் திறனையும் அளந்து, கண்ணாடியை அன்றே கையில் கொடுத்தனுப்ப வேண்டும். தோட்ட நிர்வாகங்களும் தையல் ஆலைகளும் இதைத் தொழிற்கருவிச் செலவாகவே எழுதிக்கொள்ளலாம்.