கடற்கரை வீடுகளும் கறையானும்

நெசவாளர்க்கும் பயிரிடுவோர்க்கும் வீடு என்பது குடியிருக்கும் இடம் மட்டுமன்று. தொழிற்கூடமும் களஞ்சியமும் அதுவேயாகும். தறி நிற்பதும் வீட்டில். நூற்கட்டும் பாவும் இருப்பதும் வீட்டில். விதைக்கடலை மூட்டை அடுக்கப்படுவதும் வீட்டில். ஆகவே வீட்டின் உத்திரத்தை அரிக்கும் பூச்சி அவ்வீட்டாரின் பிழைப்பையும் அரிக்கின்றது என்றால் மிகையாகாது. கடலூர் முதல் வேதாரணியம் வரையுள்ள கரையோர ஊர்களில், முன்னோர் கட்டிய ஓட்டு வீடுகளிலும் மச்சு வீடுகளிலும் இன்றும் வாழ்வோர் பலர். அவர்கள் பொருட்டுக் கறையானின் இயல்பு, அது வந்தமைக்கான அடையாளம், செய்யத்தக்க பரிகாரம் ஆகியவற்றை இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வருகின்ற ஆவணி, புரட்டாசி மாதங்களே வீட்டைச் சோதிப்பதற்கு ஏற்ற காலமாகும். மழையில் நனைந்த ஓடு பாரம் மிகுந்தது. உள்ளே அரிபட்டு வெளியே வண்ணம் மட்டும் மின்னுகின்ற கைமரம் அப்பாரத்தைத் தாங்காது. ஐப்பசியில் கூரை இறங்கிய பின் வருந்துவதைவிட, புரட்டாசியில் ஓர் உளியும் விளக்கும் கொண்டு ஒரு பகற்பொழுதைச் செலவிடுவது சிக்கனம்.

கறையானின் இயல்பு

செல் என்றும் கறையான் என்றும் வழங்கப்பெறும் இப்பூச்சியைச் சிலர் வெள்ளை எறும்பு என்று கருதுவர். அஃது எறும்பினம் அன்று. கரப்பான் பூச்சிக்கு உறவானது. மரம், வைக்கோல், காகிதம், பருத்தி ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளே அதன் உணவு. அதன் தோல் மிக மெல்லியது. வெயிலும் வறண்ட காற்றும் பட்டால் விரைவில் உலர்ந்து மடியும். ஆகையாலேயே அது வெட்டவெளியில் நடவாமல், மண்ணையும் தன் உமிழ்நீரையும் கழிவையும் குழைத்துக் குழாய் அமைத்து, அதனுள் போக்குவரவு செய்கின்றது. ஈரமின்றேல் கறையான் இல்லை என்னும் இவ்வொரு செய்தியை நினைவிற் கொண்டால், பின்வரும் யாவும் எளிதில் விளங்கும்.

நம் வீடுகளைத் தாக்குபவை இரு வகை. முதல் வகை மண்ணில் கூடுகட்டி வாழ்வது. அதன் அரசி நிலத்தின் ஆழத்தில் இருக்க, வேலைக்காரக் கறையான்கள் நூறடிக்கு அப்பாலும் உணவு தேடிச் செல்லும். இரண்டாம் வகை மண்ணோடு தொடர்பின்றி மரத்துக்குள்ளேயே குடியிருப்பது. அதற்கு வேண்டிய சிறிதளவு ஈரத்தை மரத்திலிருந்தும் காற்றிலிருந்தும் பெற்றுக்கொள்ளும். கடற்காற்றில் எப்போதும் ஈரம் மிகுந்திருப்பதால், இவ்வகை கரையோர ஊர்களில் நன்கு செழிக்கின்றது. இரண்டிற்கும் பரிகாரம் வெவ்வேறு. எனவே வந்திருப்பது எது என்று அறிந்த பின்னரே செயலில் இறங்குதல் வேண்டும்.

கரையோரத்தில் அபாயம் மிகுவதேன்?

முதற்காரணம் நிலத்தடி நீர். கரையோரத்தில் நீர்மட்டம் மேலாக இருப்பதால் அடித்தளம் உலர்வதில்லை. இரண்டாவது காரணம் உப்பு. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது நேர்ந்ததுபோல் கடல்நீர் புகுந்த சுவர்களும், நெடுங்காலம் உப்புக்காற்றில் நின்ற சுவர்களும் எளிதில் காய்வதில்லை.

மூன்றாவது காரணம் நல்லெண்ணத்துடன் செய்யப்படும் ஒரு பழுது. பழைய வீடுகள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. சுண்ணாம்புப் பூச்சின் வழியே சுவரின் ஈரம் வெளியேறிவிடும். அதன்மேல் சிமிட்டி பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு மேல்நோக்கி ஏறும். பூச்சிற்கும் சுவருக்கும் இடையே விட்டுப்போகும் சந்தில் கறையான் மறைவாக ஏறிச் செல்லும்.

நான்காவது, கட்டுமான முறை. மச்சு வீடுகளில் உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும். நடுப்பகுதி திடமாகத் தோன்றினும், கண்ணுக்குத் தெரியாத அம்முனைகளே முதலில் அரிபடுகின்றன. மரத்தின் தரமும் கருதத்தக்கது. தேக்கின் வைரப்பகுதியும் முற்றிய பனையின் புறவைரமும் நெடுங்காலம் எதிர்த்து நிற்கும். ஆனால் தேக்கின் வெளிப்புற வெள்ளைப் பகுதியும், பனையின் உட்சோறும், மாமரப் பலகையும் கறையானுக்கு நல்விருந்தாகும். ‘எங்கள் வீடு தேக்கு வீடு’ என்று அசட்டையாக இருத்தல் தகாது.

ஐந்தாவது, புயல் விட்டுச்செல்லும் குப்பை. 2011 டிசம்பரில் தானே புயலும், 2018 நவம்பரில் கஜா புயலும் தென்னை, முந்திரி, பலா மரங்களைப் பெருவாரியாகச் சாய்த்தன. இத்தகைய புயலுக்குப் பின் அகற்றப்படாமல் விடப்படும் அடிக்கட்டைகளும் மண்ணுக்குள் மக்கும் வேர்களும் கறையானுக்கு ஆண்டுக்கணக்கில் உணவாகும். அவ்வுணவு தீர்ந்ததும் அது அடுத்து நாடுவது வீட்டின் வாசற்காலையே.

கண்டறியத்தக்க அடையாளங்கள்

சுவரின் அடியிலும், திண்ணைத் தூணிலும், கதவு நிலையின் பின்புறத்திலும் பென்சில் கனத்தில் மண்குழாய் ஏறுகின்றதா என்று காண்க. கண்டவுடன் முழுவதையும் துடைத்துவிட வேண்டா. ஒரு விரற்கடை மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்க்க. உடைந்த இடம் மீண்டும் பூசப்பட்டிருந்தால் கறையான் நடமாட்டம் உறுதி. பூசப்படாவிடினும் அபாயம் நீங்கிற்று என்று கொள்ளலாகாது. வேறு வழி அமைத்திருக்கக் கூடும்.

மழைக்குப் பின் விளக்கொளியை நாடித் தெருவிலிருந்து ஈசல் வருவது இயல்பு. ஆனால் வீட்டுச் சுவரின் வெடிப்பிலிருந்தோ நிலையின் இடுக்கிலிருந்தோ ஈசல் புறப்படுமாயின், கூடு அருகிலேயே இருக்கின்றது என்று அறிக. சாளரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சிறகுகளும் இதற்குச் சான்று. சிறகு முளைத்த எறும்பை ஈசல் என்று மயங்குதலும் உண்டு. ஈசலின் நான்கு சிறகுகளும் ஒத்த நீளமுடையன. அதற்கு இடை சிறுத்திராது. எறும்புக்கோ முன்சிறகு நீண்டும் இடை சிறுத்தும் இருக்கும்.

உளியின் பிடியால் உத்திரத்தையும் நிலையையும் தட்டிப் பார்க்க. திண்ணென்று ஒலித்தால் நலம்; பொள்ளென்று ஒலித்தால் உள்ளே வெற்றிடம். உத்திரம் சுவரில் நுழையும் இடத்தில் உளிமுனையை வைத்து மெல்ல அழுத்துக. முனை எளிதில் இறங்குமாயின் காலந்தாழ்த்தலாகாது.

பீரோவின் அடியிலோ கைமரத்தின் கீழோ கசகசாவைப் போன்ற சிறு மணிகள் குவியலாக உதிர்ந்து கிடந்தால், அவை மரத்துக்குள் வாழும் இரண்டாம் வகையின் எச்சமாகும். கூர்ந்து நோக்கினால் ஒவ்வொரு மணியும் ஆறு பட்டையுடன் இருக்கக் காணலாம். இங்கு மண்குழாயைத் தேடுவது வீண்.

குழித்தறி உள்ள வீடுகள்

குழித்தறி நெசவாளரின் நிலை ஏனையோரினும் இக்கட்டானது. காற்றில் ஈரமிருந்தால்தான் பருத்திப் பாவின் இழை அறாது; குழியின் குளுமையும் அதற்கு உதவுகின்றது. கறையானுக்கு வேண்டுவதும் அதே ஈரந்தான். எனவே நெசவாளர் வீட்டில் ஈரத்தை அறவே நீக்க இயலாது. ஈரமண்ணையும் மரத்தையும் ஒன்றையொன்று தொடாமற் பிரித்து வைப்பதே இங்குச் செய்யத்தக்கது. தறிக்கால்களை மண்ணில் நேரே நடாமல் கருங்கல் பாதத்தின்மேல் நிறுத்துக. குழியின் பக்கங்களைச் செங்கல் வைத்துக் கட்டி இடுக்கின்றிப் பூசுக. நூற்கட்டுகளையும் ஜக்கார்டு அட்டைகளையும் தரையிலோ சுவரை ஒட்டியோ வையாமல், சுவரினின்று ஓரடி தள்ளி இரும்புக் கால் கொண்ட தாங்கியில் வைக்க. சங்கத்தின் பேரேடுகளுக்கும் இதுவே விதி. பட்டுநூல் கறையானுக்கு உணவன்று. ஆயினும் அதனைச் சுற்றிய காகிதத்தை நாடி வந்து பட்டையும் துளைத்துவிடும்.

மிக முக்கியமான ஒன்றை வற்புறுத்த விரும்புகின்றோம். குழிக்குள் எக்காரணம் பற்றியும் பூச்சிமருந்து ஊற்றலாகாது. நெசவாளர் நாள்தோறும் மணிக்கணக்கில் கால்களைத் தொங்கவிட்டு அமரும் இடம் அது. தறியைக் காக்க இட்ட நஞ்சு நெய்வோரின் உடம்பில் ஏறுவது எவ்வகையிலும் ஆதாயமன்று.

பரிகாரம்

முதற்கண் செலவில்லாதவற்றைச் செய்க. சுவரோரம் அடுக்கிய விறகு, கீற்று, மட்டை, வைக்கோல் ஆகியவற்றை அகற்றுக. பட்ட மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க. உடைந்த ஓட்டை மாற்றி, தாழ்வாரத்து நீர் சுவரடியில் விழாமல் வாய்க்கால் வழியே வெளியே ஓடச் செய்க. சுவரை ஒட்டிப் பாத்தி அமைத்து நீர் பாய்ச்சுதலைத் தவிர்க்க. உதிர்ந்த சிமிட்டிப் பூச்சைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தே பூசுக. கறையான் பிரச்சினையின் பெரும்பகுதி இவ்வளவில் அடங்கும். இவற்றைச் செய்யாமல் இடும் மருந்து நெடுநாள் பயன் தராது.

அரிபட்ட உத்திரத்தை எடுக்குமுன் முட்டுக் கொடுத்துப் பாரத்தைத் தாங்கச் செய்தல் இன்றியமையாதது. தேர்ந்த தச்சரைக் கொண்டு கெட்ட முனையை அறுத்துவிட்டு வைரம் பாய்ந்த மரத்தால் ஒட்டுப்போடலாம். புதிய முனையைக் கல் பலகையின்மேல் இருத்திச் சுற்றிலும் காற்றுப்புக இடம் விடுக.

மண்ணில் வாழும் வகைக்கு, சுவரும் தரையும் கூடும் வரிசையில் 30 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளையிட்டு, மருந்துக் கலவையை அடிமண்ணில் செலுத்தும் முறை வழக்கில் உள்ளது. இதற்கு உரிமம் பெற்றவர்களையே அழைக்க வேண்டும். மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குக. உறையில் அச்சிட்ட அளவுக்கு மேல் கலத்தலாகாது. முற்காலத்தில் பெயர்பெற்ற ஆல்டிரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை மண்ணிலும் உடம்பிலும் அழியாது தங்குவன என்று கண்டு, 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டவை. நம் நாட்டிலும் தடை செய்யப்பட்டவை. பரணில் பழைய டப்பா ஏதேனும் கிடந்தால் பயன்படுத்த வேண்டா; கிணற்றடியில் கொட்டவும் வேண்டா; வேளாண்மை அலுவலரிடம் தெரிவிக்க. அண்மைக்காலத்தில் மிகுதியும் பயன்பட்ட குளோர்பைரிபாஸும் 2025ஆம் ஆண்டில் சில விலக்குகளுடன் அதே உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே அதனைப் பரிந்துரைப்போரிடம் மாற்று உண்டா என்று கேட்பது முறை.

கரையோரத்து மணல் நீரை வடியவிடும். மருந்தையும் அவ்வாறே வடியவிடும். இமிடாகுளோபிரிட் போன்றவை நீரோடு இறங்கக் கூடியவை. வீட்டை ஒட்டிக் குடிநீர்க் கிணறு இருப்பின் அப்பக்கம் மண்ணில் மருந்து செலுத்துதல் தகாது. அத்தகைய இடங்களுக்கு இரைமுறை ஏற்றது. கறையான் தோலுரிப்பதைத் தடுக்கும் மருந்து கலந்த இரையைப் பெட்டியில் வைத்தால், வேலைக்காரக் கறையான்கள் அதனைக் கூட்டுக்குக் கொண்டுசென்று பகிர்ந்துண்ணும். சில திங்களில் கூடே அழியும். காலமும் செலவும் மிகுதி. ஆயினும் கிணற்று நீருக்கு இதுவே காப்பு.

மரத்துக்குள் வாழும் வகைக்கு மண்ணில் மருந்து இடுவது வீண்செலவு. தாக்குண்ட துண்டை நீக்கி எரித்துவிட்டு, அண்டையிலுள்ள மரத்தில் நுண்துளையிட்டு மருந்து செலுத்துதல் வேண்டும். புதிதாகப் போடும் கைமரத்திற்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம். தோணிகளுக்குப் பூசிவந்த பழைய முறை இது. அவ்வெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கையுறை இன்றித் தொடலாகாது. மண்ணெண்ணெய் தெளிப்பது மேற்புறத்துப் பூச்சிகளை மட்டுமே கொல்லும். தீப்பிடிக்கும் அபாயமோ மிகுதி.

தெரு முழுவதும் சேர்ந்து செய்க

நெசவாளர் தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றே. ஒருவர் மட்டும் செலவு செய்து காத்துக்கொண்டால், கறையான் பொதுச்சுவர் வழியே மறுபடியும் வந்து சேரும். எனவே தெருவார் ஒருங்குகூடி ஒரே நாளில் எல்லா வீடுகளையும் சோதித்து, எந்தெந்த வீட்டில் எவ்வகை என்று குறித்து, சங்கத்தின் வாயிலாக ஒரே விலைப்புள்ளி பெறுதல் நலம். தனித்தனியே கேட்கும் கூலியைவிட அது குறையும். மருந்தின் பெயரையும் அளவையும் சரிபார்ப்பதற்கும் ஒருவரைப் பொறுப்பாக்கலாம். ஆண்டுதோறும் ஆவணியில் இச்சோதனை நிகழுமாறு தெருக்கூட்டத்திலேயே நாள் குறித்து, சங்கத்தின் பதிவேட்டில் எழுதி வைப்பார்களாக.