சாஃப்ட்வேர் கையேட்டில் தேடியது கிடைக்கலையா? மாற்றி அமைக்க எங்கிருந்து தொடங்கணும்? - முழு விளக்கம்

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் வெளிநாட்டவருக்கு ரூம் விடுபவர்களுக்கு ஒரு விதி நன்றாகவே தெரியும். விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவருடைய பாஸ்போர்ட், விசா விவரங்களை அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 'ஃபார்ம் சி' என்பது பல வருஷமாகப் பழகிப்போன பெயர். லாட்ஜுக்கு மட்டுமல்ல, வீட்டு மாடியில் ஒரே ஒரு ரூம் விடுபவருக்கும் இதே விதிதான்.

ராத்திரி 10 மணிக்கு விருந்தினர் வருகிறார். ஒரு கட்டத்தில் என்ன நிரப்புவது என்று சந்தேகம். அப்போது கைகொடுக்க வேண்டியது அந்த மென்பொருளின் கையேடு. ஐ.டி. துறையில் இதைத்தான் 'டாக்குமென்டேஷன்' என்கிறார்கள். இதைப் புதுப்பிப்பது என்றால் பழையதை அழித்துவிட்டு புதிதாக எழுதுவது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால், வேலை தொடங்க வேண்டிய இடம் வேறு.

கையேடு ஏன் குழம்பிப்போகிறது?

மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். புது வசதி வரும்போது ஒரு பக்கம் சேரும். யாராவது புகார் சொன்னால் இன்னொரு பத்தி சேரும். பழையதை யாரும் நீக்க மாட்டார்கள். சில வருஷத்தில் ஒரே விஷயம் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். தகவல் இருக்கும், தேடுபவருக்குத்தான் கிடைக்காது.

சரியில்லை என்றால் என்ன ஆகும்?

பெரும்பாலும் நேரம் வீணாகும். சில இடங்களில் உயிரே போகும். 'தெராக்-25' என்ற புற்றுநோய் கதிர்வீச்சு இயந்திரம் இதற்கு உதாரணம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் உயிரிழந்தனர்.

மூல காரணம் மென்பொருள் பிழையும், பாதுகாப்பு வடிவமைப்பில் இருந்த குறையும்தான். ஆனால், 1986-ல் டெக்சாஸ் மருத்துவமனையில் திரையில் தெரிந்தது 'மால்ஃபங்ஷன் 54' என்பது மட்டுமே. அதற்கு என்ன அர்த்தம் என்று இயக்குபவருக்கான கையேட்டில் விளக்கமே இல்லை. அடிக்கடி வரும் சாதாரண கோளாறு என்று நினைத்து, இயக்குபவர் சிகிச்சையைத் தொடரும் பட்டனை அழுத்தினார்.

நாலு விதமான தேவை

கையேட்டைத் திறப்பவர் எல்லோரும் ஒரே விஷயத்தைத் தேடி வருவதில்லை. டேனியேல் ப்ரோசிடா என்ற வல்லுநர் இதை நாலாகப் பிரித்தார். 'டயாடாக்சிஸ்' என்று இந்த முறைக்குப் பெயர். ரூம் விடுபவரையே உதாரணமாக வைத்துப் பார்த்தால்:

• பயிற்சி: முதல்முறை வருபவரை, கணக்கு தொடங்குவதில் இருந்து முதல் பதிவு வரை கைபிடித்து அழைத்துப்போவது.

• செய்முறை: ஏற்கெனவே தெரிந்தவருக்கு ஒரு குறிப்பிட்ட வேலை. 'தப்பாகப் பதிந்த பாஸ்போர்ட் எண்ணை எப்படி மாற்றுவது?'

• குறிப்பு: ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வரணும், தேதியை எந்த வடிவத்தில் டைப் செய்யணும், எந்தப் பிழைச் செய்திக்கு என்ன அர்த்தம். அகராதி மாதிரி.

• விளக்கம்: 24 மணி நேரம் என்று ஏன் விதி? வீட்டு உரிமையாளருக்கும் ஏன் பொருந்தும்?

நாலையும் ஒரே பக்கத்தில் போட்டால் யாருக்கும் உதவாது. தேதி வடிவம் மட்டும் பார்க்க வந்தவர், விதியின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்க முடியாது.

'நம்பை' எப்படிச் செய்தது?

பைத்தான் மொழியில் கணக்கீடு செய்பவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் இலவச மென்பொருள் நம்பை. இதன் 1.0 பதிப்பு 2006-ல் வந்தது. ஆனால், பல கட்டளைகளுக்குச் சரியான விளக்கம் இல்லாமல் மாணவர்கள் திணறினார்கள்.

2008-ல் தன்னார்வலர்கள் சேர்ந்து இதைச் சரிசெய்யத் தொடங்கினார்கள். எல்லா விளக்கமும் ஒரே அமைப்பில் இருக்க ஒரு மாதிரிப் படிவம் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தும்படி விக்கி ஒன்றைத் திறந்து, எழுதியதைச் சரிபார்க்கவும் முறை வகுத்தார்கள். குறிப்புப் பகுதி பலமானது.

இருந்தாலும் புதிதாக வருபவருக்கு எங்கே தொடங்குவது என்ற குழப்பம் தீரவில்லை. அதனால் 2020-ல் 'நெப் 44' என்ற திட்ட ஆவணம் வந்தது. ஆவணங்களைப் பயிற்சி, செய்முறை, குறிப்பு, விளக்கம் என்று பிரித்து அடுக்குவதே அதன் மையம். எழுதுவதற்கு முன்னால், எது எங்கே இருக்கணும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

திட்டத்தில் என்னென்ன இருக்கணும்?

1. கணக்கெடுப்பு: இருக்கிற எல்லா பக்கத்தையும் பட்டியல் போடணும். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'வைக்கலாம், திருத்தணும், சேர்க்கணும், நீக்கணும்' என்று குறிக்கணும்.

2. கேள்விகள்: உதவி மையத்துக்கு எதற்காக அதிகம் போன் வருகிறது, தேடல் பெட்டியில் என்ன டைப் செய்கிறார்கள் என்று பார்க்கணும். வேலையின் வரிசையை இதுதான் தீர்மானிக்கும்.

3. ஒரே பெயர்: ஒரே பட்டனை ஒரு பக்கத்தில் 'சமர்ப்பி' என்றும் இன்னொன்றில் 'அனுப்பு' என்றும் எழுதக் கூடாது.

4. பொறுப்பு: எழுதுபவர் ஒருவர், தொழில்நுட்பம் தெரிந்து சரிபார்ப்பவர் ஒருவர். பக்கத்துக்குப் பக்கம் பெயர் இருக்கணும்.

5. பழைய லிங்க்: ஏற்கெனவே சேமித்து வைத்தவர்கள் தட்டினால் புதுப் பக்கத்துக்குப் போகணும். வெறும் 'பக்கம் இல்லை' என்று வரக் கூடாது.

6. தொடர்ச்சி: மென்பொருளில் மாற்றம் வந்தால் கையேட்டிலும் அன்றைக்கே மாற்றம். இந்த விதி இல்லை என்றால் சில வருஷத்தில் பழைய கதைதான்.

ஏஐ வந்துவிட்டதே, கையேடு இன்னும் வேணுமா?

முன்பைவிட அதிகமாக வேணும். நிறுவனங்களின் சாட்பாட்கள் பல, பதில் சொல்ல இந்தக் கையேடுகளைத்தான் எடுத்துப் படிக்கின்றன. ஒரே விதி மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால், அதில் பழையதைக்கூட சாட்பாட் தயங்காமல் சொல்லும். சட்ட விதியைப் பின்பற்றுபவரோ, சிகிச்சை இயந்திரத்தை இயக்குபவரோ அதை நம்பிச் செயல்பட்டால், விளைவு அவர் தலையில்தான் விழும்.